ஊசி முனையில் ஒரு பொய்!

ஷெரிஃப் அலுவலகத்து போன் அலறியது.

காலை ஏழு மணி. வெள்ளிக்கிழமை. மேற்கு வர்ஜீனியாவின் மலை மடிப்பில் சுருண்டு கிடக்கும் பிர்ச் ஃபோர்க் என்ற சிற்றூர், இன்னும் பனிப் போர்வையை உதறி எழுந்திருக்கவில்லை.

துணை ஷெரிஃப் ட்ரீமா காட்ரில் பாய்ந்து போனை எடுத்தாள். மார்கன்டவுன் ஆஸ்பத்திரியில் மகனோடு இருக்கும் கணவன்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள்.

"சொல்லு! ஆமோஸுக்கு ஜுரம் வந்துடுச்சா?"

மறுமுனையில் மூச்சு இரைத்தது.

கணவன் இல்லை. வயதான குரல். வாயைத் துணியால் பொத்திக் கொண்டு பேசுகிற குரல்...

"சர்ச் ஹால்... பின்பக்கம்... ஊசி போடுற கிளினிக்... அந்த அம்மா விழுந்து கிடக்காங்க. தலையில ரத்தம்! சீக்கிரம் போங்க!"

"யார் பேசறது?"

"கர்த்தரே... பேசிட்டு நிக்காதீங்க, போங்க!"

டொக்.

ட்ரீமா தொப்பியைக் கூட எடுக்காமல் ஓடினாள்.

*

கிளினிக்கின் பின்கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

பூட்டு உடைக்கப்படவில்லை.

உள்ளே... மருந்து அறையின் தரையில்... நர்ஸ் ஒலீட்டா பர்டெட் குப்புறக் கிடந்தாள். நரைத்த கூந்தலில் ரத்தம் உறைந்திருந்தது. சுற்றிலும் நொறுங்கிய கண்ணாடிச் சில்லுகள்.

ட்ரீமா மண்டியிட்டுக் கழுத்தில் விரல் வைத்தாள்.

துடிப்பு இருந்தது!

"ஒலீட்டா அம்மா... கேக்குதா? நான் ட்ரீமா... போயிடாதீங்க, ப்ளீஸ்!"

பதில் இல்லை. ஆம்புலன்ஸ் வந்து அவளைத் தூக்கிக் கொண்டு போகும்போதுதான் ஷெரிஃப் பாய்ட் நெஸ்டர் தன் தொப்பை முன்னே வர, தான் பின்னே வந்தார். அறையை ஒரு சுற்று பார்த்தார்.

"முடிஞ்சுது கேஸ். ஊசி வேண்டாம்னு கொடி பிடிக்குதே ஒரு கூட்டம்... அவங்க வேலைதான். மருந்தையெல்லாம் உடைச்சுட்டாங்க."

"அதுக்குள்ள எப்படி சார் சொல்றீங்க?"

"வேற எவன் இங்க வருவான்? இங்க போடுற ஊசி இலவசம். இலவசமாக் கிடைக்கறதை எவனாவது திருட வருவானா? உடைக்கத்தான் வருவான்!"

ட்ரீமாவால் மறுக்க முடியவில்லை. மறுக்க மனமும் இல்லை.

காரணம் இருந்தது.

இந்த மாநிலத்தில் பள்ளிக்கூட வாசலை மிதிக்க வேண்டும் என்றால் பிள்ளை தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடவுளைச் சொல்லித் தப்பிக்க முடியாது, கொள்கையைச் சொல்லித் தப்பிக்க முடியாது. உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் விலக்கு.

ட்ரீமாவின் எட்டு வயது மகன் ஆமோஸிடம் அந்த விலக்கு இருந்தது. ரத்தப் புற்றுநோயுடன் மல்லுக்கட்டி, போன வருடம்தான் மீண்டு வந்தவன். அவன் உடம்பு ஊசியைத் தாங்காது. நோயையும் தாங்காது. சுற்றியிருக்கிற பிள்ளைகள் ஊசி போட்டிருந்தால்தான் அவனுக்குப் பாதுகாப்பு.

அதே வகுப்பில் கோல்ட்டன் என்ற பையனிடமும் அதே விலக்கு இருந்தது. இல்லாத அலர்ஜியை இருப்பதாக எழுதி, எங்கோ ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை, கோல்ட்டன் தட்டம்மையோடு வகுப்புக்கு வந்து உட்கார்ந்தான்.

யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் உடம்பெல்லாம் சிவந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது இரண்டு பிள்ளைகளும் மார்கன்டவுன் ஆஸ்பத்திரியில். ஒருவன் மூச்சுக்குத் திணறிக் கொண்டு. இன்னொருவன், நோய் வருமா வராதா என்று காத்துக் கொண்டு...

"பொய் விலக்கு வாங்கிக் குடுத்ததெல்லாம் யாரு?" ஷெரிஃப் கேட்டார்.

"ஊருக்கே தெரியுமே சார். டீக்கன்தான்."

ஹார்லன் டாக்கெட். அந்தச் சர்ச்சின் டீக்கன், சபை ஊழியர். எழுபதை நெருங்கும் மனிதர். அவர் பேசினால் மலை கூடத் தலையாட்டும் என்பார்கள். தடுப்பூசிச் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போனவர். அந்தக் குப்பிக்குள் என்னென்ன விஷம் இருக்கிறது என்று ஞாயிறு தவறாமல் சொல்லிக் கொடுத்தவர்.

சர்ச் ஹாலின் சாவி அவரிடம்தான் இருந்தது!

*

அவரைத் தேடிப் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

ட்ரீமா அலுவலகத்துக்குத் திரும்பியபோது, ஹார்லன் டாக்கெட் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோட்டு. மடியில் தொப்பி. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நான்தான் பண்ணினேன். விலங்கு மாட்டுங்க."

ஷெரிஃப் திகைத்தார்.

"என்ன பண்ணினீங்க?"

"கிளினிக்ல இருந்த மருந்தையெல்லாம் உடைச்சேன். என் மனசாட்சி சொல்லுச்சு, உடைச்சேன். ஓடி வரப்போ இருட்டுல அந்த அம்மா மேல மோதிட்டேன். அது மட்டும் வேணும்னு பண்ணலை." குரல் தடுமாறியது. "அவங்க... உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. இன்னும் கண் முழிக்கலை."

ஹார்லன் கண்களை மூடினார். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன.

அந்தக் குரல்!

'பேசிட்டு நிக்காதீங்க, போங்க!'

காலையில் போன் செய்தது இவரேதான். ட்ரீமாவுக்கு உறைத்தது. மனசாட்சிக்காக மருந்தை உடைத்த வீரர், எதற்காகத் துணியால் வாயைப் பொத்திக் கொண்டு பேச வேண்டும்?

கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

"உள்ள தள்ளுங்க சார்," என்றாள்.

பத்து மணிக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. டீக்கனின் ஆட்கள் கோர்ட் கட்டடத்து முன்னால் கூடி விட்டார்கள். அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். பாட்டுப் பாடினார்கள்.

"பாரேன்!" ஷெரிஃப் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஒரு நர்ஸ் மண்டை உடைஞ்சிருக்கு. இவங்களுக்கு ஹீரோ கிடைச்சாச்சு. நவம்பர்ல தேர்தல் வெச்சா என்னைத் தோக்கடிச்சுட்டு இந்த ஆளைத்தான் ஷெரிஃப் ஆக்குவாங்க போல!"

*

நண்பகலில், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ஒலீட்டா கண் திறந்தாள்.

"ஏழு தையலாம்," என்றாள், கட்டைத் தடவிப் பார்த்தபடி. "எதிர்த்த பெட்காரி ஆறுன்னு அலட்டிக்கறா. அவளை முந்திட்டேன்."

ட்ரீமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"யாருன்னு பார்த்தீங்களா?"

"முதுகைத்தான் பார்த்தேன், கண்ணு. லைட்டு போடறதுக்குள்ள மோதிட்டாரு. பாவம், அவரும் பயந்துட்டாரு. 'ஐயோ'ன்னு கத்தினது நான் இல்ல, அவருதான்."

"டீக்கன் ஹார்லன். அவரே வந்து ஒத்துக்கிட்டாரு. மருந்தையெல்லாம் உடைச்சுட்டேன்னு."

"உடைச்சாரா?" ஒலீட்டாவின் புருவம் சுருங்கியது. "அவரு எங்க உடைச்சாரு? நான் விழறப்போ என் கை பட்டு ஒரு தட்டு சரிஞ்சுது. அதுல இருந்த காலி குப்பிங்க நொறுங்கிச்சு. அவ்வளவுதான்."

"அப்படின்னா... தட்டம்மை மருந்து?"

"உங்க ஆளுங்க எடுத்த போட்டோவைக் காட்டு பார்ப்போம்."

ட்ரீமா செல்போனை நீட்டினாள். ஒலீட்டா கண்ணாடியை மாட்டிக் கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"ஃப்ரீஸர் சாத்தினது சாத்தினபடி இருக்கு. மருந்து அதுக்குள்ளதான். ஒண்ணும் ஆகலை. ஆனா..." விரல் நின்றது. "இந்த அலமாரியில ஒரு டப்பா இருந்துச்சே... காணோமே!"

"என்ன டப்பா?"

"தண்ணி."

"என்னது?"

"வெறும் தண்ணி, கண்ணு. தட்டம்மை மருந்து பொடியா வரும். ஊசி போடறதுக்கு முன்னாடி அதுல கலக்கற சுத்தமான தண்ணி தனியா குட்டிக் குப்பியில வரும். அந்த டப்பாவைத்தான் தூக்கிட்டுப் போயிருக்காரு. அதை வெச்சு அவரு என்ன பண்ணப் போறாரு? காபியா போடப் போறாரு?"

ட்ரீமா சிரிக்கவில்லை.

"டப்பா மேல என்ன எழுதியிருக்கும்?"

"தட்டம்மை ஊசின்னு பெரிசா இருக்கும். அதுக்குக் கலக்கற தண்ணின்னு கீழ பொடி எழுத்துல."

*

திரும்பி வரும் வழியில் கணவன் கூப்பிட்டான்.

"ஆமோஸுக்கு ஜுரம் இல்ல. எதிர்ப்புச் சக்தி மருந்தை சொட்டு சொட்டா ஏத்தியிருக்காங்க. ஆனா ரெண்டு மூணு வாரம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதாம், ட்ரீமா."

"என்ன பண்றான்?"

"கோல்ட்டன் எந்த ரூம்ல இருக்கான், போய்ப் பார்க்கட்டுமான்னு கேக்கறான். அவன் சிநேகிதனாச்சே..."

ட்ரீமா காரை ஓரமாக நிறுத்தி விட்டாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஜெபம் செய்தாள். வார்த்தை எதுவும் வரவில்லை. மகன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதன் பிறகு அலுவலகத்துக்குப் போய், சிறை அறையின் கம்பிக் கதவருகே நின்றாள்.

ஹார்லன் சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி போட்டுக் கொண்டிருந்தார்.

சர்க்கரை வியாதிக்கு இன்சுலின். சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் போட்டுக் கொள்வது. சின்ன ஊசி. சின்னக் குப்பி. உள்ளே... தெளிந்த நீர் போன்ற திரவம்!

ட்ரீமாவின் பார்வை அந்தக் குப்பியிலேயே நின்றது.

இந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே ஊசி மருந்து இதுதான். குப்பியில் இருக்கும், தண்ணீர் மாதிரி இருக்கும், அப்படியே உறிஞ்சிப் போட்டுக் கொள்ளலாம். பொடி என்று ஒன்று உண்டு, கலக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

உடைக்க வரவில்லை இவர்.

எடுக்க வந்தார். யாருக்கோ போட!

யாருக்கு என்பதும் உடனே புரிந்து போனது. அவருடைய பேத்தி ஜூனி. ஆறு வயது. கோல்ட்டனுக்குத் தங்கை மாதிரி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழுக்க சர்ச் பின்னால் இருவரும் ஒன்றாக விளையாடினார்கள். ஜூனியிடமும் தாத்தா வாங்கிக் கொடுத்த பொய் விலக்கு உண்டு.

நோய் பட்ட மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் தப்ப வாய்ப்பு உண்டு என்று ஒலீட்டா நேற்று முழுக்க ரேடியோவில் தொண்டை வறளக் கத்திக் கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாள், இன்று சாயங்காலத்தோடு முடிகிறது.

ஜூனியின் உடம்பில் ஏறியிருப்பது தண்ணீர். கிழவர் அவள் பிழைத்து விட்டதாக நம்பிக் கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்...

ட்ரீமா அசையவில்லை.

உள்ளே ஒரு குரல் பேசியது. 'உனக்கென்ன வந்தது? பேசாமல் போ. உன் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறானே... அந்த வேதனை இவருக்கும் தெரியட்டும்!'

அந்தக் குரல் இனிமையாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் திரும்பி நடந்தாள். ஒரு காபி ஊற்றினாள். சர்க்கரை போடவில்லை. தன் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பெப்பரோனி இறைச்சி ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தட்டில் வைத்தாள். கதவைத் திறந்து உள்ளே போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க, டீக்கன். ஊசி போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட இருக்கக் கூடாது."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"உன் பையன்... அவனை நினைச்சு நானும் ஜெபம் பண்றேன், பொண்ணே."

"நல்லது. அவனுக்கு வேணும். ஒலீட்டா அம்மா கண் முழிச்சுட்டாங்க."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" கண்களில் நீர் முட்டியது.

"ஒரு விஷயம் கேக்கணும். ஃப்ரீஸரைத் திறந்தீங்களா?"

"ஃப்ரீஸரா? எந்த ஃப்ரீஸர்?"

"தட்டம்மை மருந்து அதுலதான் இருக்கு. ஒண்ணு கூட உடையலை. ஒண்ணு கூடக் குறையலை."

ஹார்லனின் கையில் இருந்த ரொட்டி அந்தரத்தில் நின்றது.

"இல்லையே... அலமாரியிலதானே... டப்பா மேல பேரே போட்டிருந்துச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

ட்ரீமா குரலைத் தாழ்த்தினாள்.

"அது கலக்கற தண்ணி, டீக்கன். மருந்து பொடியா இருக்கும். நீங்க எடுத்துட்டுப் போனது வெறும் தண்ணி."

"பொய்! என்னைப் பேச வைக்கறதுக்காகச் சொல்றே!"

"என் பையன் மேல ஆணையாச் சொல்றேன்."

காபிக் கோப்பை தரையில் விழுந்து உருண்டது.

"ஜூனி..." என்றார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "காலையில போட்டேன். வைட்டமின்னு சொன்னேன். 'தாத்தா, நீங்க போட்டா வலிக்கவே இல்லை'ன்னு சொல்லிச்சே அந்தக் குழந்தை... தண்ணியா? தண்ணியையா போட்டேன்?"

"ஏன் டீக்கன், நேரா கிளினிக்குக்கு வந்திருக்கலாமே? ஒலீட்டா அம்மா வாயைத் திறந்திருக்க மாட்டாங்களே!"

"வரிசையில நிக்கணுமே!" கிழவர் கதறினார். "வெளிய பாடறாங்களே, கேக்குதா? அவங்க எல்லாரும் என் பேச்சைக் கேட்டுப் பிள்ளைங்களுக்குப் போடாம விட்டவங்க. நான் என் பேத்தியைக் கூட்டிட்டு வந்து வரிசையில நின்னா... அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உடைச்சேன்னு சொன்னா ஜெயில். போட்டேன்னு சொன்னா... அதுக்கு ஜெயிலே தேவலைன்னு தோணுச்சு."

"அழ நேரம் இல்ல. ஜூனி எங்க?"

"தெரியாது! சுகாதாரத்துறை ஆளுங்க வீடு வீடா வர்றாங்கன்னு என் பொண்ணு லேசியை எங்கயாவது போயிடச் சொன்னேன். மலைக்கு மேல யாரோ வீட்டுல இருப்பா. என்கிட்ட கூடச் சொல்லாதேன்னுட்டேன்."

லேசியின் செல்போன் அணைந்து கிடந்தது. மலைக்கு மேலே சிக்னலும் கிடையாது.

ஷெரிஃப் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தார்.

"நான் போய் அந்தக் கூட்டத்துல கேக்கறேன்!"

"சொல்ல மாட்டாங்க." ஹார்லன் தலையை ஆட்டினார். "சட்டம் வந்து கேட்டா வாயைத் திறக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தவனே நான்தான்."

வெளியே பாட்டு உயர்ந்து கொண்டே போனது. சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது.

கிழவர் தொப்பியை எடுத்தார். தலையில் வைக்கப் போனவர், வைக்காமல் கையிலேயே பிடித்துக் கொண்டார்.

"என்னை வெளிய கூட்டிட்டுப் போ, பொண்ணே."

*

கோர்ட் படிக்கட்டில் ஹார்லன் தோன்றியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது.

"டீக்கன்! டீக்கன்!"

அவர் விலங்கிட்ட கைகளை உயர்த்தினார். அமைதி.

"யாருக்காவது லேசி எங்க இருக்கான்னு தெரியுமா? தெரிஞ்சா உடனே சொல்லுங்க. ஜூனிக்கு ஊசி போடணும். பொழுது சாயறதுக்குள்ள போடணும்."

ஹார்லன் ஒரு படி கீழே இறங்கினார்.

"நான் எதையும் உடைக்கலை. திருடப் போனேன். என் பேத்திக்குப் போடறதுக்காகத் திருடப் போனேன். உங்க பிள்ளைங்களுக்கு வேண்டாம்னு சொன்னதை, என் பிள்ளைக்குன்னு வந்தப்போ... நான் சொன்னதை நானே நம்பலை! கர்த்தர் மேல ஆணையா அதுதான் நிஜம்."

"பொய்யி! போலீஸ் மிரட்டிப் பேச வைக்குது!" பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"யாரும் மிரட்டலைப்பா. இந்தப் பொண்ணு எனக்குத் தன் சாப்பாட்டுல பாதியைக் குடுத்துச்சு. அவ்வளவுதான் பண்ணுச்சு."

அட்டைகள் மெல்லத் தாழ்ந்தன. கூட்டத்தை விலக்கிக் கொண்டு ஓர் இளைஞன் முன்னால் வந்தான். சவரம் செய்யாத முகம். சிவந்த கண்கள்.

கோல்ட்டனின் அப்பா. க்ளின்ட் ரெக்ஸ்ரோட்.

"டீக்கன்... ஆஸ்பத்திரிக்கு வந்து என் பையனுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கூப்பிடத்தான் நான் வந்தேன்." குரல் மிக மெதுவாக இருந்தது. கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம். "அந்த அலர்ஜி பேப்பரை வாங்கிக் குடுத்தது நீங்கதானே? ஊசியெல்லாம் வேண்டாம், கர்த்தர் பார்த்துக்குவாருன்னு சொன்னீங்களே? உங்க பேத்திக்கு மட்டும் அவர் பார்த்துக்க மாட்டாரா?"

ஹார்லன் விலங்கிட்ட கைகளைத் தாழ்த்தினார்.

எழுபதை நெருங்கும் அந்த மனிதர் படிக்கட்டில் மண்டியிட்டார்.

"க்ளின்ட்... என்னை அடிச்சுடுப்பா."

"அடிச்சா என் பையன் எழுந்து உட்காருவானா?"

அந்தக் கணத்தில்...

"அப்பா! எழுந்திரிங்க!"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். இடுப்பில் ஜூனி! கையில் பாதி தின்ற ஆப்பிளோடு, தாத்தா ஏன் தரையில் இருக்கிறார் என்று விழித்துக் கொண்டு...

"லேசி! எங்க போனே நீ? ஓடு, ஓடு, குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடு!"

"ரேடியோவுல உங்களைப் பிடிச்சுட்டாங்கன்னு கேட்டு மலையில இருந்து இறங்கி வந்தேன்ப்பா. கிளினிக்கெல்லாம் வேண்டாம்."

"வேண்டாமா? பைத்தியமா உனக்கு? நான் போட்டது வெறும் தண்ணிடீ!"

"நீங்க எதைப் போட்டிருந்தாலும் பரவாயில்லை." லேசி அப்பாவின் தோளைத் தொட்டாள். அழுது கொண்டே சொன்னாள். "ஜூனிக்கு ஒரு வயசுலயே முதல் ஊசி போட்டாச்சு. நாலு வயசுல ரெண்டாவது. ஆத்தைத் தாண்டி பக்கத்து மாநிலம் ஒஹாயோவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் போட்டேன். அவ உடம்புல எப்பவோ காவல் வந்தாச்சு!"

ஹார்லனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

"என்கிட்ட... ஒரு வார்த்தை..."

"எப்படிச் சொல்வேன்? ஊர் முன்னாடி உங்க தலை குனிஞ்சுடுமேன்னுதான் மறைச்சேன். நீங்க குடுத்த விலக்கையே ஸ்கூல்ல குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். க்ளின்ட் பொண்டாட்டிகிட்டயாவது சொல்லியிருக்கணும்... சொல்லலை. அந்தப் பாவம் எனக்குந்தான்."

சிலர் அட்டையைக் கீழே போட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். ஒருவன் காறித் துப்பினான். வேறு சிலர் எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள்.

கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், ட்ரீமாவின் சட்டைக் கையை இழுத்தாள்.

"கிளினிக்... எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

"நீங்க வர்ற வரைக்கும்," என்றாள் ட்ரீமா. "பக்கத்து ஊர்ல இருந்து வேற நர்ஸ் வந்தாச்சு. முன்கதவு வழியாகவே வாங்க."

க்ளின்ட் இன்னும் அதே இடத்தில் நின்று கொண்டிருந்தான். ட்ரீமா அவனிடம் போனாள். அவன் தலை குனிந்தான்.

"உங்க பையனும்... அதே வகுப்புதானே... நான்..."

"ஆமா. கோல்ட்டனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்காங்க. நாளைக்குத்தான் தெரியும்னு சொல்றாங்க."

"நானும் மார்கன்டவுன்தான் போகணும். தூக்கமில்லாத கண்ணோட நீங்க வண்டி ஓட்ட வேண்டாம். என் கார்ல ஏறி உட்காருங்க. வழியில ஒலீட்டா அம்மாவைப் பார்த்துட்டுப் போயிடலாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நம்பாத பார்வை. பிறகு முகத்தை இரு கைகளாலும் பொத்திக் கொண்டான்.

*

ஒலீட்டாவின் படுக்கையருகே ஷெரிஃப், ஹார்லனை விலங்கோடு கொண்டு வந்து நிறுத்தினார்.

"மன்னிப்புக் கேக்கணும்னு ஒரே பிடிவாதம். திருட்டு, காயம், பொய் வாக்குமூலம், தாய்க்குத் தெரியாம குழந்தைக்கு ஊசி, அந்தப் பொய் விலக்குகள்... எல்லாத்துக்கும் ஜட்ஜ் தனித்தனியாக் கணக்குப் பார்ப்பாரு. அதுக்கு முன்னாடி நீங்க பாருங்கன்னு கூட்டிட்டு வந்தேன்."

கிழவர் தொப்பியைத் திருகிக் கொண்டு நின்றார். நடந்ததை எல்லாம் அவரே சொன்னார். தண்ணீர். லேசி. ஒஹாயோ. க்ளின்ட் கேட்ட கேள்வி. ஒன்றையும் மறைக்கவில்லை.

"தங்கச்சி... என்னை மன்னிப்பியா?"

ஒலீட்டா கையை நீட்டி, விலங்கிட்ட அந்தக் கைகளைப் பிடித்துக் கொண்டாள்.

"நான் எப்பவோ மன்னிச்சுட்டேன், ஹார்லன். க்ளின்ட் கிட்டப் போய்க் கேளுங்க. அவன் மன்னிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்க. வெளிய ட்ரீமா கார்லதான் உட்கார்ந்திருக்கான்."

அவர் தலையசைத்தார். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியது.

ஒலீட்டா தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்துக் கொண்டு பெருமூச்சு விட்டாள்.

"அப்பா பொண்ணுக்குத் தெரியாம நல்லது பண்ணப் போனாரு... பொண்ணு அப்பாவுக்குத் தெரியாம நல்லது பண்ணி வெச்சிருக்கா... இந்த ஊர்ல கெட்டதை எல்லாம் மைக் வெச்சு சொல்றீங்க, நல்லதை மட்டும் திருட்டுத்தனமாப் பண்றீங்க. யாராவது ஒருத்தர் பட்டப்பகல்ல பண்ணித் தொலைச்சிருந்தா, என் மண்டைக்குத் தையலே விழுந்திருக்காது!"